ஏர் எடுப்பதற்கு முன்னால்: பழைய காரின் பிரேக்கை மீட்பது

பழைய காரின் பிரேக்கைப் பழுது நீக்கி மீட்பதும், அதன் குழாய்களுக்குள் புகுந்த காற்றை, பட்டறை வழக்கில் சொன்னால் ‘ஏரை’, எடுப்பதும் இந்த உரையின் பொருள். அரியலூர் மாவட்டத்துச் செந்துறை வட்டாரத்துக்கு மிகவும் வேண்டிய பொருள் இது. ஆலத்தியூர், தளவாய் சிமெண்டு ஆலைகளை நம்பி இரவும் பகலும் லாரிகள் ஓடும் சாலைகள் இவை. முன்னால் போகும் லாரி திடீரென நிற்கும். முந்திரித் தோப்பு ஓரத்திலிருந்து ஓர் ஆடு குறுக்கே பாயும். அந்தச் சாலையில் ஒரு பழைய அம்பாசடரோ, பத்மினியோ, மாருதி 800-ஓ போகிறது என்றால், அதன் இன்ஜின் எவ்வளவு இனிமையாக ஓடுகிறது என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். அது நிற்குமா? முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

பழைய கார்கள் இன்னும் எத்தனை இருக்கப் போகின்றன என்று தோன்றலாம். அம்பாசடர் 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 மே மாதம் வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரானது. மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். அதன் தயாரிப்பும் 2014-இல்தான் நின்றது. வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டைக்கூட இன்றும் சிலர் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வருகிறார்கள். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டுகள். அதற்கு மேல் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். டி.என். 46 என்ற பெரம்பலூர் எண்ணோடும், டி.என். 61 என்ற அரியலூர் எண்ணோடும் ஓடும் கார்களில் அந்த வயதைத் தாண்டியவை உண்டு. புதுப்பிக்கப் போகும்போது அதிகாரி பார்ப்பவற்றில் பிரேக் முக்கியமானது. அப்போதுதான் பலர் பட்டறைக்கு ஓடி, ‘பெடல் உள்ளே போகுது, கொஞ்சம் ஏர் எடுத்துக் கொடுங்க’ என்கிறார்கள்.

இங்கேதான் பிழை தொடங்குகிறது. ஏர் எடுப்பது பிரேக் வேலையின் கடைசிக் கட்டம். அதை முதல் கட்டமாகச் செய்தால் பெடல் இரண்டு வாரம் நன்றாக இருக்கும். மூன்றாவது வாரம் பழையபடி உள்ளே போகும். மூடிய குழாய், மூடிய சிலிண்டர், ரப்பர் கப் போட்டு அடைத்த ஓர் அமைப்பு. அதற்குள் ஏர் எப்படி வந்தது? எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கு விடை காணாமல் ஸ்பேனரைக் கையில் எடுக்கவே கூடாது.

ஏர் ஏன் இவ்வளவு பெரிய எதிரி என்பதை ஒரு சிறு கணக்கில் பார்த்துவிடலாம். மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால் அது எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் பாஸ்கல் நிறுவினார். பிரேக் முழுவதும் அந்த ஒரு விதியில்தான் நிற்கிறது. ஓட்டுநர் பெடலில் 20 கிலோ விசை கொடுக்கிறார் என்று கொள்வோம். பெடலின் நெம்புகோல் அதை ஐந்து மடங்காக்குகிறது. மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனில் 100 கிலோ விழுகிறது. அந்த பிஸ்டனின் விட்டம் முக்கால் அங்குலம் என்றால் பரப்பு 2.85 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் ஆயிலில் உண்டாகும் அழுத்தம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 35 கிலோ. அதே அழுத்தம் சக்கரத்தில் உள்ள முக்கால் அரைக்கால் அங்குல வீல் சிலிண்டரில், அதாவது 22 மில்லிமீட்டர் பிஸ்டனில், ஏறக்குறைய 135 கிலோ விசையாக மாறி பிரேக் ஷூவைத் தள்ளுகிறது. நான்கு சக்கரத்திலும் அதே அழுத்தம், ஒரே நொடியில்.

அந்தக் குழாயில் 4 மில்லிலிட்டர் ஏர் புகுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஆயில் சுருங்காது, காற்று சுருங்கும். 35 கிலோ அழுத்தத்தில் அந்த ஏர் தன் கொள்ளளவில் முப்பத்தாறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மாஸ்டர் பிஸ்டன் அந்த வெற்றிடத்தை நிரப்பவே ஏறக்குறைய 1.4 சென்டிமீட்டர் நகர வேண்டும். பெடலில் அது ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். பெடலின் மொத்த நடையே அதைப்போல் இரண்டு மடங்குதான் இருக்கும்! ஒரு தேக்கரண்டி நிறையாத காற்று, ஓட்டுநரின் காலுக்குக் கிடைத்த நடையில் பாதியைத் தின்றுவிடுகிறது.

இந்தத் திரவ பிரேக் முறை காருக்கு வந்த கதை சுருக்கமானது. அமெரிக்காவில் மால்கம் லாக்ஹெட் 1917-இல் திரவ பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1921-இல் டூசன்பெர்க் கார் நான்கு சக்கரத்திலும் அதைப் பொருத்தி வந்தது. தொடக்க கால பிரேக் திரவங்களில் முக்கியச் சரக்கு விளக்கெண்ணெய். அதோடு ஆல்கஹால் சேர்ப்பார்கள். தமிழ் வீடுகளில் குழந்தைகளுக்குக் கொடுத்த அதே எண்ணெய் ஒரு காலத்தில் உலகக் கார்களை நிறுத்தியது. நம் நாட்டில் சென்னை பாடியில் 1962-இல் டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியாவைத் தொடங்கின. லூகாஸின் கிர்லிங் என்ற பெயர் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் பிரேக்கோடு ஒட்டிக்கொண்டது அந்த வழியில்தான்.

இன்றைய பிரேக் ஆயிலில் எண்ணெய் கிடையாது. பெரும்பாலும் கிளைக்கால் ஈதர் வகை இரசாயனம். மழைக்காலத்தில் மூடாமல் வைத்த உப்பு ஜாடி ஈரம் வாங்குவது போல இது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆயில் டப்பா மூடியின் துளை வழியாக இழுக்கும். ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் மெல்ல இழுக்கும். கார் ஓடினாலும் இழுக்கும். கொட்டகையில் நின்றாலும் இழுக்கும். ஓடாத காரின் பிரேக் தேயாது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஓடாத கார்தான் அதிகம் கெடுகிறது. ஆயிலில் கலந்த நீர் வீல் சிலிண்டரின் உட்புறத்தைத் துரு தின்னவிடும். சிலிண்டரின் வழவழப்பான சுவரில் அம்மைத் தழும்பாகக் குழி விழும். ரப்பர் கப்பின் உதடு அந்தக் குழி மேல் போய் வரும்போது கிழியும். கிழிந்த இடத்தில் ஆயில் வெளியே கசியும்; பெடலை விடும்போது அதே இடத்தில் ஏர் உள்ளே வரும். ஏர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு முதல் விடை இது.

இரண்டாவது விடை மலைச்சாலையில் கிடைக்கும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. 3.7 சதவீத நீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு இந்த எண்கள் 230-உம் 155-உம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். சரிவு அறியாத ஓட்டுநர் நான்காவது கியரிலேயே, பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்குகிறார். டிரம் கொதிக்கிறது. அந்தச் சூடு வீல் சிலிண்டருக்குப் போகிறது. பழைய ஆயிலில் உள்ள நீர் ஆவியாகிறது. ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும். பெடல் தரையைத் தொடுகிறது! தப்பித்துக் கீழே வந்து அரைமணி நேரம் வண்டியை நிறுத்தினால் ஆவி குளிர்ந்து மீண்டும் நீராகும். பிரேக் பழையபடி பிடிக்கும். பட்டறையில் பார்ப்பவர் ‘ஒண்ணுமில்லையே’ என்பார். குற்றம் மறைந்துவிட்டது, குற்றவாளி ஆயிலுக்குள்ளேயே இருக்கிறான். வழக்கமாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுவதும் மாற்றச் சொல்வது இதனால்தான். சமவெளியிலேயே ஓடும் செந்துறைக் கார் என்றாலும், ஒருநாள் பச்சைமலைக்கோ, 70 கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலைக்கோ குடும்பத்தோடு போகாமலா இருக்கும்?

மூன்றாவது விடை சாதாரணமானது: மாஸ்டர் சிலிண்டரின் ஆயில் டப்பா காலியாக விடப்பட்டது, அல்லது எப்போதோ குழாயைக் கழற்றி மாட்டியது.

இனி நோயறிதல். பெடல் பேசும், அதன் பேச்சைக் காலால் கேட்க வேண்டும். பெடல் பஞ்சாக அமுங்கி, அமுக்க அமுக்கக் கொஞ்சம் மேலே வருகிறது என்றால் ஏர். முதல் அமுக்கில் நெடுந்தூரம் போய், இரண்டாவது அமுக்கில் மேலே நின்று கல்லாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் ஏர் இல்லை. டிரம்முக்கும் ஷூவுக்கும் இடையே இடைவெளி கூடிவிட்டது, அட்ஜஸ்ட் செய்தால் போதும். இந்தக் காருக்கு லிட்டர் கணக்கில் ஆயில் ஊற்றி ஏர் எடுத்தாலும் பெடல் ஏறாது. அமுக்கிப் பிடித்தால் நிற்கிறது, பிறகு மெல்ல மெல்லத் தரைக்கு இறங்குகிறது, வெளியே எங்கும் கசிவும் இல்லை என்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் கப் தேய்ந்து ஆயில் பின்பக்கம் நழுவுகிறது. பெடல் கல்லாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் லைனிங் சூடேறி வழுக்குகிறது, அல்லது ஆயில் குடித்திருக்கிறது. பெடல் விசையைக் கூட்டும் பூஸ்டர் உள்ள காரில் பூஸ்டரையும் சந்தேகிக்க வேண்டும்.

வண்டி ஒருபக்கம் இழுக்கிறதா? இழுக்கும் பக்கம் நல்ல பக்கமாகவே இருக்கலாம். எதிர்ப்பக்கம்தான் வேலை செய்யவில்லை. அங்கே வீல் சிலிண்டர் துருப்பிடித்து இறுகியிருக்கும், லைனிங் ஆயிலில் நனைந்திருக்கும், அல்லது ஹோஸ் உள்ளே அடைத்திருக்கும். காலை எடுத்த பின்னும் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறதா? பட்டறையில் ‘பிரேக் ஜாம்’ என்பார்கள். மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் டப்பாவுக்குத் திரும்பிப் போகும் ஊசித் துளை ஒன்று உண்டு. அதில் தூசி அடைத்தாலும், பெடலில் ஃப்ரீ பிளே என்னும் வெற்று நடை இல்லாமல் கப் அந்தத் துளையை மூடியபடியே நின்றாலும், போன ஆயில் திரும்பாது.

ஜாமுக்கு இன்னொரு காரணம் மிகவும் வருத்தம் தருவது. அவசரத்துக்கு யாரோ டப்பாவில் இன்ஜின் ஆயிலையோ ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றியிருப்பார்கள். பிரேக் கப்களின் ரப்பர் கனிம எண்ணெயைத் தாங்காது, ஊதிப் பெருத்துவிடும். அதன் பிறகு ஆயிலை மாற்றினால் மட்டும் போதாது. மாஸ்டர் கிட், நான்கு சக்கரத்தின் கிட், ஹோஸ் என்று ரப்பர் உள்ள எல்லாவற்றையும் எறிந்துவிட்டு, குழாய்களையும் கழுவ வேண்டும். ஒரு நிமிட அவசரம் ஒரு வாரச் செலவாகிறது. சிலிக்கான் வகையான டாட் 5-ஐயும் கிளைக்கால் ஆயிலோடு கலக்கவே கூடாது. பழைய அம்பாசடருக்கும் பத்மினிக்கும் மாருதிக்கும் டாட் 3 அல்லது டாட் 4, சீல் உடைக்காத டப்பாவிலிருந்து. பாதி டப்பா மீந்து போன வருடத்திலிருந்து அலமாரியில் இருக்கிறது என்றால், அதை மறந்துவிடலாம்.

காரணம் தெரிந்துவிட்டது. மீட்கும் வேலைக்கு வருவோம். பல ஆண்டுகள் நின்றுபோன பழைய மார்க் வகை அம்பாசடர் ஒன்றையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்; டிரம் பிரேக்கின் எல்லாப் பாடமும் அதில் இருக்கிறது.

வண்டியைத் தூக்குவது முதல் வேலை. உயிரோடு விளையாடும் வேலையும் அதுவே. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் கூடாது, சொல்லாமல் நொறுங்கும். கெட்டியான ஸ்டாண்டு, இல்லையென்றால் அகலமான மரக்கட்டை. தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை.

டிரம்மைக் கழற்றும் முன் அட்ஜஸ்டரைத் தளர்த்த வேண்டும். இல்லையென்றால் டிரம்மின் உள்விளிம்பில் ஷூ மாட்டிக்கொள்ளும். கழற்றியதும் உள்ளே கறுப்புத் தூசி குவிந்திருக்கும். பட்டறைகளில் கம்ப்ரஸர் பைப்பை வைத்து ஊதிவிடுவதைப் பார்க்கலாம். அது வேண்டாம், எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. நுரையீரலுக்குள் போன அந்த இழை திரும்பி வராது. பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகக்கூட எழும். தூசியைச் சோப்புத் தண்ணீரால் நன்றாக நனைத்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி ஒதுக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் பையனையும் அப்போது தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும்.

லைனிங் ரிவெட் அடித்ததாக இருந்தால், ரிவெட் தலைக்கு மேல் ஒரு மில்லிமீட்டராவது மீதம் வேண்டும். ஒட்டியதாக இருந்தால் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஆயில் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவியோ நெருப்பில் காட்டியோ மீட்கலாம் என்ற பழக்கம் உண்டு. மேற்பரப்பு உலர்ந்ததாகத் தெரியும். முதல் சூட்டிலேயே உள்ளிருந்து ஆயில் மறுபடி வெளியே வரும். அந்த ஷூவை மாற்றத்தான் வேண்டும், அதையும் ஜோடியாக: இடது முன்சக்கரத்துக்கு மாற்றினால் வலது முன்சக்கரத்துக்கும். டிரம்மில் வரி விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சீவலாம். பொதுவாக மூல விட்டத்தைவிட ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் பெரிதாகக் கூடாது. சுண்ணாம்புக்கல் தூசி பறக்கும் சாலைகளில் ஓடிய காரின் டிரம்மைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். லைனிங்கில் பதியும் பொடி உப்புத்தாள் வேலை பார்க்கும்.

அம்பாசடரின் முன்சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு வீல் சிலிண்டர்கள். பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் ஒன்று. ஏன் இப்படி? முன்னே ஓடும்போது இரண்டு ஷூக்களுமே டிரம்மின் சுழற்சியால் உள்ளே இழுக்கப்பட்டு, தாமே மேலும் அழுந்த வேண்டும் என்பதற்காக. இதனால் ஒரு விளைவும் உண்டு: ஏற்றத்தில் பின்னோக்கி உருளும்போது அதே முன்பிரேக் வலுவிழந்துவிடும். பழைய அம்பாசடர் ஓட்டுநர்கள் மேட்டில் ஹேண்ட் பிரேக்கை விடாமல் பிடித்தது பழக்கத்தால் மட்டும் வந்ததில்லை. அந்த அமைப்பு அப்படி.

சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பார்த்தால் உள்ளே உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் கப் போய்விட்டது. பிரித்து உள்சுவரை விரல் நகத்தால் தடவலாம். வழவழப்பாக இருந்தால் புதுக் கிட் போதும். லேசான கறையை ஹோன் கருவி எடுத்துவிடும். நகம் தட்டும் அளவுக்குக் குழி இருந்தால் சிலிண்டரையே மாற்ற வேண்டும், அல்லது பித்தளை ஸ்லீவ் போட வேண்டும். கிடைக்காத சிலிண்டரைச் சென்னை புதுப்பேட்டையில் தேடி எடுக்கலாம். ஆனால் அங்கே வாங்க வேண்டியது இரும்பை மட்டுமே. ரப்பர் எப்போதும் புதியதாகவே இருக்க வேண்டும். கப்பை மாட்டும்போது தடவுவது பிரேக் ஆயில். சாதாரண கிரீஸ் அதே ரப்பரை ஊதவைக்கும்.

ஹோஸ் மூன்று. முன்சக்கரத்துக்கு ஒவ்வொன்று, பின் ஆக்ஸிலுக்கு ஒன்று. வெளியே வெடிப்பு தெரியாமலே உள்ளே சதை பிரிந்து அடைப்பான் ஆகிவிடும். அமுக்கும்போது ஆயில் போகும், விட்டால் திரும்பாது. பத்து ஆண்டைத் தாண்டிய ஹோஸைப் பரிசோதிப்பதில் நேரத்தை வீணாக்காமல் மாற்றிவிடுவதே சரி. இரும்புக் குழாய்களைக் கிளிப் பிடித்திருக்கும் இடங்களில் பார்க்க வேண்டும். துரு அங்கேதான் ஒளிந்திருக்கும். ஏ.சி. கடையில் கிடைக்கும் சாதாரணச் செம்புக் குழாயை வளைத்துப் போடுவது பெரும் ஆபத்து. அதிர்வில் அது இறுகி ஒருநாள் வெடிக்கும். பிரேக்குக்கென்று வரும் குழாயையே வாங்கி, நுனியை இரட்டை மடிப்பாக விரித்துப் பொருத்த வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டர் பழைய அம்பாசடரில் ஓட்டுநரின் காலடித் தளத்துக்குக் கீழே இருக்கிறது. கண்ணில் படாத இடம். மழை நீரும் சேறும் எட்டும் இடம். மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் துடைக்காவிட்டால், ஊசித் துளையை அடைக்கும் தூசியைத் திறந்தவரே உள்ளே போட்டுவிடுகிறார். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்தக் கார்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் சுற்று. ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கும் போச்சு. பின்வந்த கார்களில் சுற்றை இரண்டாகப் பிரித்தது இதற்காகத்தான். ஒற்றைச் சுற்றுக் காரில் மிஞ்சுவது கேபிளால் இழுக்கும் ஹேண்ட் பிரேக் மட்டும். ஆகவே ஹேண்ட் பிரேக் கேபிளையும் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்து ஓட விட்ட பிறகே மீட்பு வேலை முழுமையாகும்.

எல்லாம் மாட்டியாயிற்று. ஷூக்களை அட்ஜஸ்டரால் டிரம்மைத் தொடும் வரை ஏற்றியாயிற்று. இப்போதுதான், இவ்வளவுக்கும் பிறகுதான், ஏர் எடுக்கும் நேரம்.

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தில். சக்கரத்தில் ஏரை வெளியேற்றும் திருகான நிப்பிளுக்கு ரிங் ஸ்பேனர். வாய் திறந்த ஸ்பேனர் விளிம்பை மழுக்கிவிடும். பல ஆண்டு திறக்காத நிப்பிளை முந்திய நாளே துரு இளக்கும் ஆயில் விட்டு ஊறவைத்து, மெல்லத் தட்டி அசைக்க வேண்டும். வலுக்கட்டாயம் செய்தால் கழுத்தோடு முறியும். நிப்பிளில் ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள கண்ணாடிப் பாட்டிலில் முக்கி வைக்க வேண்டும். வெளியே வரும் குமிழி கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது ஒன்று. வெளிக்காற்று திரும்ப உள்ளே போகக் கூடாது என்பது மற்றொன்று.

மாஸ்டரிலிருந்து மிகத் தூரத்தில் உள்ள சக்கரம் முதலில். ஓட்டுநர் வலப்பக்கம் அமரும் ஒற்றைச் சுற்றுக் காரில் இடது பின்சக்கரம், வலது பின்சக்கரம், இடது முன்சக்கரம், கடைசியில் வலது முன்சக்கரம். இரட்டைச் சுற்றுக் கார்களில் வரிசை மாறலாம். அந்தந்தக் காரின் கையேடு சொல்வதே சட்டம்.

சக்கரத்தில் இருப்பவர் ‘அமுத்து’ என்கிறார். பெடலில் இருப்பவர் மெதுவாக அமுக்கி, ‘அமுத்தியாச்சுண்ணே’ என்று பதில் கொடுத்துப் பிடித்துக்கொள்கிறார். நிப்பிள் அரைச் சுற்றுத் திறக்கிறது, ஆயிலும் குமிழியும் குழாயில் ஓடுகின்றன, பெடல் இறங்குகிறது. நிப்பிள் மூடிய பிறகே ‘விடு’ என்ற சொல் வர வேண்டும். மூடுவதற்கு முன் காலை எடுத்தால், வெளியேற்றிய ஏரைவிட அதிகம் உள்ளே வரும். அமுத்து, பிடி, விடு. அமுத்து, பிடி, விடு. இந்தத் தாளம் தவறாமல் போக வேண்டும். ஐந்தாறு முறைக்கு ஒருமுறை டப்பாவில் ஆயில் பார்க்க வேண்டும். ஒருமுறை காலியானால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பாட்டிலில் சேர்ந்த ஆயிலைத் திரும்ப டப்பாவில் ஊற்றக் கூடாது. பழுப்பு நிறம் போய்ப் புது ஆயிலின் தெளிவு வரும் வரை, குமிழி முற்றிலும் நிற்கும் வரை தொடர வேண்டும்.

பெடலைப் படபடவென்று பம்ப் அடிப்பது பலருக்கும் வழக்கம். அதனால் பெரிய குமிழி நூறு சிறு குமிழிகளாக உடைந்து ஆயிலோடு கலந்து, வர மறுக்கும். மெதுவாக அமுக்குவதே வேகமான வழி. இன்னொரு எச்சரிக்கை, பழைய மாஸ்டரை மாற்றாமல் வைத்திருப்பவர்களுக்கு. அன்றாட ஓட்டத்தில் பிஸ்டன் சிலிண்டரின் பாதித் தூரம்தான் போகும். மீதிப் பாதியில் துரு படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரை அமுக்கினால் கப் அந்தத் துருவில் போய்க் கிழியும். நேற்று வரை இருந்த பிரேக், ஏர் எடுத்த பின் போய்விடுவது இப்படித்தான். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்து நடையைக் குறைத்துவிட்டால் இந்த ஆபத்து இல்லை.

உதவிக்கு ஆள் இல்லாதபோது நிப்பிளைத் திறந்து வைத்து ஆயிலைத் தன் எடையால் சொட்டவிடும் முறையும் உண்டு. நேரம் ஆகும், பழுதில்லை. சிரிஞ்ச் வைத்து உறிஞ்சும் முறையில் நிப்பிளின் மரை வழியாக வெளிக்காற்று வரும். குமிழி நிற்கவே நிற்காது, உள்ளே ஏர் இருப்பதாகப் பொய் சொல்லும்.

எவ்வளவு எடுத்தும் பெடல் பஞ்சாகவே இருக்கிறதா? நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏர் மேலே நிற்கும். ஆகவே நிப்பிள் உச்சியில் இருக்க வேண்டும். டிஸ்க் பிரேக் காரில் இடது காலிப்பரை வலதுபக்கம் மாற்றி மாட்டிவிட்டால் நிப்பிள் கீழே வந்துவிடும். அந்தக் காரில் பீப்பாய் ஆயில் ஊற்றினாலும் ஏர் வராது.

முடிந்த பிறகு சோதனை. இன்ஜின் ஓடாத நிலையில் பெடலை முழு பலத்தோடு ஒரு நிமிடம் அமுக்கிப் பிடிக்க வேண்டும்; ஒரு மயிரிழையும் இறங்கக் கூடாது. பூஸ்டர் உள்ள காரில் அப்படியே அமுக்கியபடி இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் பெடல் லேசாக இறங்கும். அது பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம். பிறகு ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த துணியால் துடைத்துப் பார்த்து ஈரம் தேட வேண்டும். பெயிண்டில் சிந்திய ஆயிலை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பெயிண்டை அது உரித்துவிடும்.

சாலைக்கு வரும்போது முதல் பிரேக் 10 கிலோமீட்டர் வேகத்தில், ஆளில்லாத இடத்தில். நேராக நிற்கிறதா என்று பார்த்த பின்பே வேகம் கூட்ட வேண்டும். புது லைனிங் டிரம்மோடு ஒத்துப்போக, 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மிதமாகப் பிடித்து, இடையிடையே ஆறவிட்டு, இருபது முப்பது முறை நிறுத்தலாம். திரும்பி வந்ததும் நான்கு டிரம்மின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அது பிடித்துக்கொண்டே ஓடுகிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலையே செய்யவில்லை. நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஷூவை மறுபடி அட்ஜஸ்ட் செய்து, டப்பாவின் அளவைப் பார்த்து, ஆயில் மாற்றிய தேதியைப் பானட்டின் உட்புறம் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

எடுத்த பழைய ஆயில் நஞ்சு. சாக்கடையிலோ கிணற்றோரத்திலோ ஊற்றக் கூடாது. மாடு, நாய், குழந்தை எட்டும் இடத்தில் திறந்து வைக்கக் கூடாது. குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது அதைவிடக் கொடியது. தகர டப்பாவில் மூடி, பெயரெழுதி, கழிவு ஆயில் எடுப்பவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். கடைசியாக ஒன்று: ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காரை வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்கள் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போகாமல், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துக் கியரில் நிறுத்துவது நல்லது. ஈரத்தில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.